கோமதி, புள்ளைங்களைப் படுக்க வச்சு அளந்துட்டோம்

என் கண்ணு கோமதிக்கு,

நீ போய் மூணு வருஷம் ஆகுது. உயிரோட இருந்தப்ப மருமகளை ஒரு நாளும் 'கண்ணு'ன்னு நான் கூப்பிட்டதில்லை. இப்ப கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டியே?

நமக்குள்ள சண்டை வந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. வெள்ளிக்கிழமை. திண்டிவனத்துல ஆம்புலன்ஸ் டூட்டி முடிச்சு வந்தவ, சட்டையைக்கூட மாத்தாம யாழினியைப் பாயில மல்லாக்கப் படுக்க வச்சிருந்த. தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கலர் நாடாவை நீட்டிப் பிடிச்சிருந்த. அவளுக்கு அப்ப ரெண்டு வயசு. கழனியில மல்லாட்டைச் செடி பிடுங்கிட்டு வந்த நான் வாசல்லயே கத்தினேன்.

"அடிப் பாவி! குழி வெட்டறவன் பொணத்தை அளக்கற மாதிரி, பெத்த புள்ளைய அளக்கறியே!"

"ஐயோ அத்தை, பழகிப் பார்க்கறேன். வெள்ளத்துல தராசைத் தூக்கினு போக முடியுமா? புள்ளையோட குதிகால் எந்தக் கலர்ல நிக்குதோ, அந்த நீளத்தை வச்சே எடையைச் சொல்லிடும் இது. எடைக்குத் தக்கதான் மருந்து. ஆக்சிஜன் மாஸ்க்கு எந்த அளவுன்னுகூட இதுலயே போட்டிருக்கு."

நான் எங்க கேட்டேன்? நாடாவைப் பிடுங்கி முள்வேலியில எறிஞ்சேன். நீ கையெல்லாம் கீறிக்கினு எடுத்துக்கினு வந்த. அப்புறம் பதினோரு நாள் என்னோட பேசல. அதை நான் இன்னும் மன்னிக்கல, தெரியுமா? நான் பண்ணினதை நீயும் மன்னிக்க வேணாம்.

மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டு போயிடுச்சு. நான் கத்தின வார்த்தை மட்டும் சாகல. குழாயடியில நானே நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருந்தேன், அது தெருவெல்லாம் பரவிடுச்சு.

போன மழையில ஏரித் தண்ணி ஊருக்குள்ள வந்தப்ப, எதிர்வீட்டுக் கன்னியம்மாவோட மூணு வயசுப் பேரனுக்கு ஜுரத்துல வலிப்பு. ஆம்புலன்ஸ்காரங்க இடுப்பளவு தண்ணியில நடந்தே வந்தாங்க. நாடாவை எடுத்ததும் கன்னியம்மா புள்ளையை மார்போட அணைச்சுக்கினா. "பொணமா இவன்? படுக்க வச்சு அளக்கவா?"

என் வார்த்தை, கோமதி. அவளைச் சமாதானம் பண்றதுக்குள்ள பையனோட உதடு நீலம் பூத்துடுச்சு. கடைசியில கண்மதிப்பாத்தான் மருந்து குடுத்தாங்க. பொழைச்சுக்கினான். பொழைக்காம போயிருந்தா நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்லியிருப்பேன்?

இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல ஒத்திகை வச்சாங்க. உன்னோட வேலை பார்த்த ஜெயந்திதான் வந்துச்சு. வெள்ளத்துல புள்ளைங்களை எப்படித் தூக்கறது, எப்படி அளக்கறது, பெத்தவங்க எங்க நிக்கணும்னு எல்லாம் செஞ்சு பார்க்கணுமாம். வலிப்பு, இளைப்பு வர்ற புள்ளைங்க பேரை முன்கூட்டியே எழுதிக்கினு போகணுமாம். தாய்மாருங்க கூட்டமாத்தான் வந்தாங்க. நாடாவைப் பார்த்ததும் ஒருத்தியும் புள்ளையைப் பாயில விடல. ஜெயந்திக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இப்பவே இப்படின்னா, தண்ணி வந்தப்புறம் நாங்க என்னம்மா பண்றது?"

நான் எழுந்தேன். "யாழினி, வந்து படு."

பின்னாலேர்ந்து கன்னியம்மா குரல். "யக்கா, பொணம் அளக்கற மாதிரின்னு சொன்னதே நீதானே? இப்ப உன் பேத்தியையே படுக்க வைக்கற, புத்தி கெட்டுப் போச்சா?"

"ஆமாண்டி, நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். நான் சொன்ன நல்லதெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் புடிச்சுக்கினியா? பேரன் காதுகுத்துக்கு எனக்குச் சொல்லாம விட்டவதானே நீ. அந்தக் கோவம் இன்னும் அப்படியே இருக்கு. அதுக்காக அவனை மருந்து அளவு தெரியாம விட்டுடுவேனா? கொண்டா புள்ளைய, ஜல்தி!"

"கூசுது ஆயா"ன்னு யாழினி நாடாவுக்கடியில நெளிஞ்சு நெளிஞ்சு சிரிச்சா. உன் சிரிப்புதான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கன்னியம்மா மெல்ல முன்னால வந்தா. பேரனைப் படுக்க வச்சா, ஆனா கையை விடல. அவன் நாடா நுனியைப் பல்லால கடிச்சுக்கினான். ஜெயந்தி கலரைப் பார்த்துச்சு, நோட்டுல எழுதிச்சு.

"அவ்ளோதானா?"ன்னு கேட்டா கன்னியம்மா.

"அவ்ளோதாம்மா."

அதுக்கப்புறம் பாயில இடம் பத்தல, போ. எங்க புள்ளைக்கு என்ன கலருன்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கினு நின்னாங்க.

கோலியனூர்ப் பக்கம் ஒரு ஊர்லயும் இதே பேச்சுதானாம். "வர்ற வாரம் அங்க போறோம், நீங்களும் வர்றீங்களா பாட்டி?"ன்னு ஜெயந்தி கேட்டுச்சு. நீ இருந்தா நீயே போயிருப்ப. நான் போறேன். இந்த மழைக்கு மட்டும் இல்ல, கால் நடக்கற வரைக்கும் போவேன். எந்தக் கிழவி குறுக்க நின்னாலும், அவ கண்ணு முன்னாடி நானே அந்தப் பாயில படுத்து அளக்கச் சொல்றேன். அளந்து முடிச்சதும் நான் எழுந்து உக்கார்றதை அவ பார்க்கட்டும்.

யாழினியோட ஆயா,
உன் அத்தை