வேரில்லாமல் வேர்த்த மரம்

அன்பு மகள் ஹெல்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் சுகம், லிஸ்பனில் நீயும் உன் வெயிலும் சுகந்தானே. கோடரி வீசி வீசி மணிக்கட்டு வீங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல சைமி எழுதுகிறாள். (வாய் அம்மாவுடையது, கை என்னுடையது. அடைப்புக்குள் வருவதெல்லாம் நான்தான். சைமி.)

முதலில் சேதி, நான் ஜெயித்துவிட்டேன். முதுகுப் பிடிப்பால் போன குளிர்காலத்தில் பிர்ச் மரங்களை வெட்ட முடியாமல் போனபோது நீ என்ன சொன்னாய், பச்சை விறகை வைத்துக்கொண்டு அடுத்த பனியை எப்படித் தாண்டுவாய், வீட்டை விற்றுவிட்டு டவுனில் ஃபிளாட்டுக்குப் போ என்றாய். முதல் உறைபனி அன்று என் விறகு புகையாமல் எரிந்தால் இருக்கிறேன், புகைந்தால் விற்கிறேன் என்று நானும் ரோஷத்தில் சொல்லிவிட்டேன். அதனால்தான் ஜூனில் இலை நன்றாக விரிந்தபிறகு மரங்களைச் சாய்த்து, ஒரு கிளையைக்கூடக் கழிக்காமல் அப்படியே போட்டேன். பக்கத்து வீட்டு தௌனோ தன் மரங்களை அன்றைக்கே மொட்டையடித்துவிட்டு வேலியோரம் வந்து, "என்ன ராய்லி, மரத்துக்கு மத்தியானத் தூக்கமா? கிளையக் கழிச்சாத்தானே காயும்" என்றார். இலைதான் காயவைக்கும், மரத்துக்குள் இருக்கிற தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே விடும் என்றேன். செத்த மரம் தண்ணி குடிக்குமா என்று சிரித்தார். சைமிக்கு அது போதுமே, விழுந்த மரத்தின் கிளை ஒன்றில் இலைகளோடு சேர்த்து பிளாஸ்டிக் பையை மாட்டி இறுக்கிக் கட்டினாள். மறுநாள் பைக்குள் தண்ணீர். அதைத் தம்ளரில் ஊற்றி, காபிக்கு வந்த தௌனோவிடம் நீட்டினாள். வசந்தத்தில் இறக்கிய பிர்ச் சாறு என்று நினைத்துக் குடித்துவிட்டு, "இந்த வருஷம் சாறு சப்புன்னு இருக்கே" என்றாராம். (வேர் போனாலும் மரத்துக்கு வேர்க்குது மாமா, நீங்க குடிச்சது அந்த வேர்வைதான் என்றேன். நம்பமாட்டேன் என்றார், ஆனால் மிச்சத்தைத் தொடவில்லை.)

இலை சுருண்டு பழுப்பானதும் அறுத்துப் பிளந்து தெற்குச் சுவர் வெயிலில் அடுக்கினோம். நேற்றுக் காலை முதல் உறைபனி, ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளை. சௌனா என்ற நம் நீராவிக் குளியலறையின் அடுப்பில் நம் விறகை வைத்தபோது வீட்டையே உள்ளே வைத்ததுபோல் எனக்குத் திக்கென்றது. ஒரே தீக்குச்சிதான். சீறவில்லை, புகையவில்லை, சடசடவென்று பிடித்து நின்று எரிந்தது ஹெல்கா, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். (நானில்லை, எனக்குக் கண்ணில் தூசி.) ஈர விறகு பிடிக்காமல் தௌனோ வீட்டுப் புகைபோக்கி கோபித்துக்கொண்டு நிற்க, சாயங்காலம் அவர் தோளில் துண்டோடு நம் வாசலில். "நீங்க குளிச்சு முடிச்சதும் எனக்குக் கொஞ்சம் சூடு மிச்சமிருக்குமா, ராய்லி?" தாராளமாக இருக்கும் என்றேன். (குளித்து வந்தவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.)

ஆகவே அந்த ஃபிளாட்டுக்காரரிடம் வரமாட்டோம் என்று நீயே சொல்லிவிடு, பேசி வைத்தது நீதானே. கிறிஸ்துமஸுக்குக் கம்பளிக் காலுறை எடுத்துவர மறக்காதே, அந்த வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. எந்த மண்ணில் இருந்தாலும் நீ தழைத்திரு கண்ணே.

இப்படிக்கு,
வீட்டை விற்காத உன் அம்மா
ராய்லி