உன் பாடத்துக்கு நான் எழுதிய குறை

சித்தூர், 1974

என் செல்விப் பொண்ணுக்கு,

நீ போய் இன்றோடு இருபது நாள். உன் நாலாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தப் பெருமாட்டி ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "அந்த டீச்சர் எப்பங்க வருவாங்க?" என்று தினமும் கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர்களே ஒருவர் பாடத்தை மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறை எழுத வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ! உன் பாடக்குறிப்பு நோட்டில் நான் எழுதினேன்: "குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை. உற்சாகம் போதாது." குறை எழுதாவிட்டால் மேற்பார்வைக்கு வரும் சார் என் மார்க்கில் கை வைப்பார் என்ற பயம். அதற்காக அப்படியா எழுதுவது, பாவி நான்!

நீ கோபிக்கவில்லை. "நாளைக்குச் சத்தமா நடத்துறேன்க்கா" என்று சிரித்தாய். மறுநாளிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாய். மணி அடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். "ஏம் புள்ள, என்னாச்சு?" என்றேன். "மலைக்காரிக்கு இந்த ஊர்ச் சூடு ஒத்துக்கலக்கா" என்றாய். நானும் நம்பினேன். மூன்றாம் வாரம் வகுப்பிலேயே சரிந்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் மறைத்தாய் செல்வி? தெரிந்தால் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்றா?

நேற்று உன் பெட்டியை எடுத்துப்போகச் சித்திரபுரத்திலிருந்து உன் அம்மா வந்தார். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலால் அந்த நோட்டைத் தடவிக்கொண்டே, "எனக்கு எழுத்து தெரியாது தாயி. எம்மவளப் பத்தி என்ன எழுதியிருக்கு, படி" என்றார்.

என் கையெழுத்தை நானே படிக்க வேண்டும். முடியவில்லையடி. "குரல் கணீரென்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது" என்று மாற்றிப் படித்தேன். அவர் மனம் குளிரட்டும் என்றுதான்.

அவர் என்னையே பார்த்தார். "சின்னதுல இருந்தே அவளுக்கு நெஞ்சு பலமில்ல. சத்தம் போடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு, அவளுக்கும் தெரியும். யாரு தாயி அவளக் கத்தச் சொன்னது?"

நான் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பரீட்சை முடிந்த மறுநாள் மலைக்கு வருகிறேன். அம்மா முன்னால் உட்கார்ந்து, எழுதியிருப்பதை உள்ளது உள்ளபடி படிப்பேன். அவர் கேட்டதற்குப் பதிலும் சொல்வேன். அதன்பிறகு அவர் என்னை வாசலோடு அனுப்பினாலும் சரி.

நீ அக்கா என்று கூப்பிட்ட,
தேவகி