பேண்டு நின்ற வீடு

திருவிழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை

என் அன்புக் கணவர் சென்சு அவர்களுக்கு,

தெஸ்ஸி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாக, உயிரோடு இருக்கிறீர்கள் என்று இன்று காலையிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுவீர்கள். நாளை ரோமுக்கு வரும் நம் பங்குச் சாமி டுன் அலோய்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலைச் சரிசெய்தாயிற்று. கொல்லைச் சுவரில் கேப்பர்ச் செடி இந்த வருடம் வெறி பிடித்த மாதிரி மொட்டு விட்டிருக்கிறது. பறித்து உப்பில் போட்டு ஜாடி ஜாடியாக அடைத்து வைத்திருக்கிறேன், தின்னத்தான் ஆளில்லை. என் இரத்த அழுத்தம் பரவாயில்லை. உங்கள் பெயர் காதில் விழாத நாட்களில் இன்னும் நன்றாகவே இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன், அவர் சிரித்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை வழக்கம்போல பால்கனியில் திருவிழாச் சிவப்புப் பட்டுத் துணியைத் தொங்கவிட்டேன், விளக்குகளை மாட்டினேன். பேண்டு கிளப்போடு உங்களுக்கு என்ன தகராறு இருந்தாலும் பங்கிராசு புனிதரோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. நீங்கள் வராத இந்த மூன்று வருடமும் நான் தனியாகத்தான் அந்தப் பட்டைத் தூக்கிக் கட்டுகிறேன். அது எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் முன்பெல்லாம் நீங்கள் கட்டுவீர்கள், நான் கீழே நின்று கோணல் என்று சொல்லுவேன்.

மத்தியானப் பவனி நம் தெருவுக்குள் வந்தது. கையில் பீர், தலையில் காகிதத் தொப்பி, எல்லோருக்கும் கொண்டாட்டம். வழக்கமாக இரண்டு வீடு தள்ளியே உங்களைக் கேலி செய்யும் அந்தப் பாட்டை முடித்துக்கொள்வார்கள். நேற்று நம் பால்கனிக்கு நேர் கீழே நின்று, பேண்டின் தாளத்துக்கே பாடினார்கள்.

"சென்சு வந்தான், சென்ஸ் போட்டான், சாமியக்கூட வாடகைக்கு விட்டான்!"

கோயில் நிலத்துக்குக் கட்டும் குத்தகைக்கும் உங்கள் பெயருக்கும் நம் மொழியில் ஒரே ஓசை. உங்கள் அம்மா அந்தப் பெயரை வைத்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று பாவம் நினைத்திருக்க மாட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு மூன்றாவது முறை சுற்றி வந்தபோது என்னால் முடியவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பியதும் பட்டை இழுத்துக் கழற்றினேன், விளக்கை அணைத்தேன், பால்கனிக் கதவைச் சாத்தி உள்ளே வந்து அழுதேன்.

எனக்குக் கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. உங்கள் மேலும்தான். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அதே வங்கியின் தலைவர் நாற்காலி வரை போனீர்கள். அங்கேயே ஓய்வு பெற்று, துறைமுகத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். பேராயர் ஆள் அனுப்பினார். மறைமாவட்டக் கணக்கை நேராக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு பங்கிலும் ஒரு மேஜை டிராயர், ஒரு பிஸ்கட் டப்பா, அதுதான் அப்போது திருச்சபையின் வங்கி. அதையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தீர்கள். வயதான சாமியார்களுக்கு ஓய்வூதியம் வந்தது, கன்னியர் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்குப் புதுக் கூரை வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

கோயில் கட்டடங்களுக்கெல்லாம் இனி ஊர் நடப்பு வாடகை, யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று எழுதினீர்கள். அதையும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் நோட்டீசை நம் ஊர் பேண்டு கிளப்புக்கே அனுப்பினீர்கள். "என் ஊர்ல ஆரம்பிச்சாத்தான் தெஸ்ஸி அடுத்த ஊர்க்காரன் வாயத் தொறக்க மாட்டான்" என்று சொன்னீர்கள். உங்கள் தம்பி ஸரேன்தான் அந்த கிளப்பின் தலைவர் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதனால்தான் என்றீர்கள். உங்கள் அப்பா பெரிய முரசு அடித்த கட்டடம் அது. இன்று கிளப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் இருக்கிறது. பழைய கட்டடத்தை நீங்கள் கேட்ட வாடகைக்கு யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் உடைந்து புறாக்கள் குடியிருக்கின்றன, அவை ஒரு சல்லி தருவதில்லை. ஸரேன் உங்களோடு பேச்சை நிறுத்தினார். நீங்கள் ரோமுக்குக் கிளம்பினீர்கள். உலகத் திருச்சபையின் கணக்கையே சீர்செய்யும் குழுவில் இடம் கொடுத்து அழைத்திருக்கிறார்கள் என்றால் யார் போகமாட்டார்கள்.

சரி, நேற்று இரவுக்கு வருகிறேன். புனிதரின் சுரூப ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு நம் தெருவுக்கு மறுபடி வந்தது. நான் இருட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன். இன்னொரு முறை அந்தப் பாட்டைப் பாடினால் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டுவது என்று முடிவு செய்து, வாளியையும் நிரப்பி வைத்திருந்தேன். வாசிப்பு நெருங்கி வந்தது. நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. அத்தனை பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீடான ஜுடித் அக்கா வீட்டைத் தாண்டிய பிறகுதான் மறுபடி வாசிக்கத் தொடங்கினார்கள்.

சாவு வீட்டு முன்னால்தான் பேண்டு அப்படி நிற்கும். நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. இந்த வீட்டில் இருப்பது நீங்களும் நானும், நான் நேற்று மத்தியானம்வரை பால்கனியில் நின்றதை ஊரே பார்த்தது. அப்படியென்றால் உங்களைத்தான் செத்தவர் கணக்கில் எழுதிவிட்டார்கள், பாடியது போதாதென்று இப்படியும் ஒரு அவமானம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது. கொட்டக்கூட எனக்குக் கை எழவில்லை.

காலையில் ஜுடித் அக்கா கதவைத் தட்டினார். கறுப்புப் பாவாடை, கையில் மூடி போட்ட சூப் பானை. உள்ளே வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நேற்று நடந்த அவமானத்துக்காக அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

"எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலியாடி. எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

"நேத்து மத்தியானம்தான் அக்கா. நீங்களும்தான் கேட்டிருப்பீங்களே."

"ராத்திரி பூரா தனியா கெடந்தியா? ஹார்ட்டா?"

"ஹார்ட்டுதான், வேற என்ன. நொறுங்கிப்போச்சு" என்றேன் நான், என் நெஞ்சைத் தொட்டுக்காட்டி.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, பானையை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார். எங்கே ஓடினார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஊருக்குச் சந்தேகமாக இருந்ததை நான் என் வாயாலேயே உறுதி செய்து, உங்களை மாரடைப்பில் கொன்றுவிட்டேன் என்பது அரை மணி கழித்து உங்கள் தம்பி வந்தபோதுதான் புரிந்தது.

ஆமாம், ஸரேன் வந்தார். மூன்று வருடம் நம் வாசலை மிதிக்காதவர், கல்யாணத்துக்கு வாங்கிய அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு, கறுப்பு டை கட்டி நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"எப்பக் கொண்டு வர்றாங்க அண்ணி?" என்றார்.

"எதை?"

"அண்ணனை."

கேலி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். உயிரோடு இருக்கிறவரைப் பேண்டை நிறுத்திப் புதைத்தீர்களே, இப்போது பெட்டி எப்போது வரும் என்று வேறு கேட்கிறீர்களா என்றேன். அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்.

மத்தியானம் தொங்கிய பட்டு இரவு இல்லை. திருவிழா நடுவில் பட்டை இறக்கினால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே. ரோமிலிருந்து சாவுச் செய்தி வந்திருக்கிறது, சண்டையால் அண்ணி தனக்குச் சொல்லவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். முன்னால் போய்த் தன் கையாலேயே பேண்டை நிறுத்தியிருக்கிறார். தெரு முனை வரை போய், தன் வாத்தியத்தை யார் கையிலோ கொடுத்துவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். சுரூபத்தைத் தூக்கக்கூடப் போகவில்லை. மத்தியானம் பாடிய அதே ஆட்கள் அவரைச் சுற்றி நின்றிருக்கிறார்கள்.

"அவன் செத்துட்டான்னு நெனச்சப்ப எனக்கு வாடகை ஞாபகம் வரல அண்ணி. சின்ன வயசுல பட்டாசு வெடிச்சா நான் அப்பாகிட்ட ஓட மாட்டேன், அவன்கிட்டதான் ஓடுவேன். அவன் ரெண்டு கையாலயும் என் காதப் பொத்துவான். அவன் காத யாரும் பொத்தல. அதுதான் ஞாபகம் வந்துச்சு."

நான் காபி போட்டுக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறீர்கள், நேற்று முன்தினம்கூடப் போனில் பேசினீர்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், டையைக் கழற்றிப் பையில் வைத்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"உசுரோடதான் இருக்கானா? அப்ப ஏன் வரல?"

மீட்டிங் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை, சென்சு.

அவர் எழுந்து நின்று சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "வர்ற ஞாயிறு சுரூபத்தத் திரும்ப மாடத்துல ஏத்துறோம். பேண்டு இந்தத் தெருவழியாத்தான் வரும். அவன் பால்கனில நின்னா வாசிப்போம். எவனும் அந்தப் பாட்டப் பாட மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. அவன் நிக்கலன்னா நேத்து மாதிரியே நிறுத்திட்டுப் போவோம். இந்த வருஷம் மட்டுமில்ல அண்ணி. நான் இருக்கற வரைக்கும் நிறுத்துவோம்." காபியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இரண்டு முறை அண்ணனை இழக்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய் நீங்கள் சாகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர் ஊரையே ஏமாற்றிவிட்டாள் என்று முணுமுணுக்கிறார்கள். ஜுடித் அக்கா சூப்பைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் பானையைக் கேட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். டுன் அலோய்சிடம், இதை உங்கள் அலுவலகத்தில் தேட வேண்டாம், காலையில் ஆற்றோரக் காபிக் கடைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு வழி தெரியும். ஈஸ்டர் முடிந்து யாத்திரை வந்தபோது, கோட்டும் பையுமாக நீங்கள் அங்கே தனியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை மூன்று நாள் பார்த்திருக்கிறார். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமென்று கிட்டே வரவில்லை. குழுவைக் குளிர்காலத்திலேயே கலைத்துவிட்டார்கள் என்றும், புதிய ஆட்கள் உங்களைக் கூப்பிடவில்லை என்றும் பிறகு அவர் விசாரித்துச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை நீங்கள் மீட்டிங் என்றபோதும் நான் சரி என்றேன். நீங்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்த பிறகு அழுவேன்.

அங்கே அவர்களுக்கு வேண்டாம், இங்கே ஊருக்கும் வேண்டாம் என்று நினைத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்தது எல்லாமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு நேராயிற்று. மனிதர்கள்தான் கோணிக்கொண்டார்கள், நாமும் சேர்த்து. ஆனால் உங்களைத் திட்டிப் பாடிய ஊர் நேற்று ஒரு இரவு உங்களுக்காக அழுதது. அதை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பட்டைக் கட்டுவேன். நீங்கள் வந்து பேச வேண்டாம், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். மூன்று வருடம் எங்கே போனீர்கள் என்று நானும் கேட்கமாட்டேன். பால்கனியில் என் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும். வராவிட்டால் பேண்டு நிற்கும். நான் தனியாக நின்று அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்பேன். அதன் பிறகு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று யாரிடமும் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

நீங்கள் செத்திருந்தால் உங்களைப் பெட்டியில் வைத்தாவது நம் தெருவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். உங்கள் தம்பி முன்னால் நடந்திருப்பார். உயிரோடு இருக்கிறவரை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? நீங்களேதான் நடந்து வர வேண்டும், சென்சு. நடக்க ஆண்டவர் உங்கள் கால்களுக்குப் பலம் கொடுக்கட்டும்.

உங்கள் மனைவி,
தெஸ்ஸி