எண்பத்து மூன்று நிமிடப் போர்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் விடை, அப்புறம்தான் நலம் விசாரிப்பு. நீங்கள் போட்ட சட்டம்தானே! சதுரக் கட்டிகளாகச் சாணி போடும் விலங்கு வோம்பேட். விடையைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூலகத்து அம்மாவிடம் போய், "சாணியைப் பத்திப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விவசாயப் பிரிவைக் காட்டினார்.

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். அம்மா பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி எழுதி, வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் "என்ன தொந்தரவு, எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்கிறாள். நேற்று தபால்காரரையே கேட்டுவிட்டாள். அவரும் கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

பள்ளி வினாடி வினா அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லாம் உங்கள் கைங்கரியம். ஐந்தாம் வகுப்பிலிருந்து மாதம் ஒரு கேள்வித் தாள் வந்தால் கழுதைக்குக்கூட அறிவு வந்துவிடும் என்கிறாள் அம்மா.

ஒரு குறை. கடிதத்தை நல்ல பேனாவில்தான் எழுதுகிறீர்கள். கேள்வித் தாள் மட்டும் ஏன் எப்போதும் கார்பன் பிரதியாகவே வருகிறது? மங்கல் நீலம், தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிறது. கப்பலில் மசிக்குப் பஞ்சமா?

என் கேள்வி: எந்தக் கோளில் ஒரு நாள், ஒரு வருடத்தைவிட நீளம்?

இப்படிக்கு,
உங்கள் புரொபசர்


ஜனவரி 28

என் செல்லப் புரொபசருக்கு,

விடை வெள்ளி. அது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். பிறந்தநாள் கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். அங்கே பிறந்திருந்தால் உன் அம்மா என்னிடம் வயதையே சொல்லியிருக்க மாட்டாள்.

கப்பலில் மசி தாராளமாக இருக்கிறது, மகளே. அசலை நான் என் கோப்பில் வைத்துக்கொள்கிறேன். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டு உன்னிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே! ஒரு எலக்ட்ரீஷியனுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்.

வினாடி வினாவுக்கென்று தனித் தாள் வைத்திருக்கிறேன், நன்றாக உருப்போடு. கறுப்பு வெள்ளைப் படங்களில் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகை ஊற்றியிருக்கிறார்கள். வானொலி நாடகத்தில் குதிரை ஓடும் சத்தம், இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டி வந்தது. உலகத்திலேயே மிகச் சிறிய போர் சான்ஸிபாரில் 1896-இல் நடந்தது, மொத்தமே எண்பத்து மூன்று நிமிடம். மற்றவை தாளில்.

விடுமுறையை நீட்டித்துக் கேட்டேன். கேப்டன் கல் மனிதர், வழக்கம் போல மே மாதம் மட்டும்தான், முப்பத்தோராம் தேதி கிளம்பியாக வேண்டும் என்றுவிட்டார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்பு அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! சாக்லேட் ரத்தம் வந்தது, குதிரைச் சிரட்டையும் வந்தது. மணியை நான் அடித்த வேகத்தில் அது மேசையிலிருந்து கழன்று விழுந்தது. மார்ச் 12 இறுதிப் போட்டி. எல்லா ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் ஆறு அணிகள் ஒரே அரங்கத்துக்கு வருகின்றன. மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். அம்மா விடுப்பு சொல்லிவிட்டாள், முன்வரிசையில் உட்கார்ந்து யார் யாருக்கு எந்தப் பல் சொத்தை என்று பார்ப்பாளாம்.

மே மாதச் செய்தியைச் சொன்னேன். "முப்பத்தொரு நாளாவது வராரே" என்றாள். நாள்காட்டியில் மே மாதத் தாளை மட்டும் மடித்து வைத்திருக்கிறாள்.

உங்கள் புரொபசர்


மார்ச் 1

என் செல்லப் புரொபசருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இறுதிப் போட்டிக்கு நீ போக வேண்டுமா என்று யோசித்துப் பார். பரீட்சை நெருங்குகிறது. மூன்று மணி நேரப் பயணம் உனக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதில் பேருந்தில் வாந்தி எடுத்தவள் நீ. கோப்பை இன்று இருக்கும், நாளை தூசி படியும். அறிவு நமக்குள் இருந்தால் போதாதா? உன் இடத்தில் வேறு பிள்ளை போகட்டும். அம்மாவையும் வீணாக அலைக்கழிக்காதே.

அப்பா சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்பு.

அன்பு அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் 14-ஆம் தேதிதான் வந்தது. போட்டி 12-ஆம் தேதியே முடிந்துவிட்டது. நான் வாந்தி எடுக்கவில்லை. அம்மாவுக்கு அன்று பார்த்து விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள், அதனால் அவள் வரவில்லை. அதுவரைக்கும் நல்லது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஐந்தாவது சுற்று பலகைச் சுற்று. கேள்வி கேட்டதும் ஆறு அணிகளும் விடையைப் பலகையில் எழுதி ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். உலகின் மிகச் சிறிய போர் எத்தனை நிமிடம் நடந்தது என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொட்டை எழுத்தில் 83 என்று எழுதித் தூக்கினேன்.

நடத்துபவர் எங்கள் பலகையைப் பார்த்தார், கடைசி மேசைப் பலகையைப் பார்த்தார். "சரியான விடை முப்பத்தெட்டு. சில புத்தகத்துல நாற்பது, நாற்பத்தஞ்சுன்னும் இருக்கும், அதையும் ஒத்துக்கலாம். ஆனா எண்பத்து மூணு எந்தப் புத்தகத்துலயும் கிடையாதேம்மா! அது எப்படி ரெண்டு அணி ஒரே மாதிரி தப்பு பண்ணுவீங்க?" என்றார். அரங்கமே சிரித்தது. 38-ஐ நீங்கள் 83 என்று திருப்பி எழுதியிருக்கிறீர்கள், அப்பா.

இடைவேளையில் கைகழுவும் குழாயடியில் கடைசி மேசைப் பெண் வந்தாள்.

"ஏய், எண்பத்து மூணுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பா."

"எனக்கும் எங்கப்பாதான்! நல்ல அப்பாக்கள் போ. உங்கப்பா என்ன வேலை பாக்கறாரு?"

"கப்பல்ல. கரண்ட் வேலை."

அவள் கைதட்டிச் சிரித்தாள். "எங்கப்பாவும் கப்பல்தான்! ஒரே கப்பலா இருக்கும். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பாத்து எழுதியிருக்காங்க பாரு." நானும் சிரித்தேன். உங்களுக்கு ஒரு நண்பர் இருக்கிறார், அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் பையிலிருந்து கேள்வித் தாள்கள் அடங்கிய கோப்பை எடுத்தாள். முதல் தாளின் தலையில் "புரொபசருக்கு" என்று இருந்தது. அதே சாய்ந்த எழுத்து, அதே நீளக் கொம்பு. அடியில் அதே சாக்லேட் ரத்தம், அதே சிரட்டை, அதே எண்பத்து மூன்று.

"உன்னையும் புரொபசர்னுதான் கூப்பிடுவாரா?" என்று கேட்டேன். அதன் பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

கோப்பின் உள் அட்டையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. நீங்கள், அவள், அவள் அம்மா. நீலக் கட்டம் போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் பச்சை. போன மே மாதம் அது அறுந்து போய், வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல் அம்மா தன் பழைய ரவிக்கையிலிருந்து எடுத்துத் தைத்தாளே, அதே பச்சைப் பொத்தான். எங்கள் வீட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர்கள் வீட்டுக்கு நீங்கள் ஜூன் மாதம் வருவீர்களாம். கேப்டன் கல் மனிதராம், முப்பது நாள்தான் தருவாராம். அவள் என்னைவிட எட்டு மாதம் பெரியவள். இறுதிப் போட்டிக்குப் போக வேண்டாம் என்று அவளுக்கும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் பேருந்து ஒத்துக்கொள்ளாதாம். அவள் பிறந்ததிலிருந்து வாந்தியே எடுத்ததில்லையாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாலு நாளாக அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. உங்களால் எப்படி முடிந்தது?

கேள்வி கேட்கிறேன், நம் வழக்கப்படி. கறுப்பு வெள்ளையில் ஒரு சின்ன ஈப்பிடிப்பான் பறவை இருக்கிறது. அதில் சில ஆண்கள் முதல் கூட்டில் முட்டை வந்ததும் பறந்து வெகுதூரம் போய், தனி ஆள் போலப் பாடி, இன்னொரு கூடு வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகு அது அதிகமாக இரை கொண்டு போவது எந்தக் கூட்டுக்கு?

புரொபசர் என்று கையெழுத்துப் போட வரவில்லை.


ஏப்ரல் 3

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திர அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நான் கெட்டவன் இல்லை, மகளே. வேண்டுமென்று எதுவும் நடக்கவில்லை. ஒன்றை விட முடியவில்லை, மற்றதையும் விட முடியவில்லை. பதினேழு வருடமாக எந்தத் துறைமுகத்திலும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. நேரில் வந்து எல்லாம் விளக்குகிறேன். மே மாதம் வரைக்கும் அம்மாவிடம் மூச்சு விடாதே. அவள் உடைந்து போவாள், அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் நம்பு. உங்கள் இருவரில் யாரையும் நான் குறைத்து வைக்கவில்லை. கேள்வித் தாளைக்கூட முறை வைத்துத்தான் எழுதினேன். ஒரு மாதம் அசல் அவளுக்கு, பிரதி உனக்கு. அடுத்த மாதம் அசல் உனக்கு, பிரதி அவளுக்கு. எண்ணிப் பார், உனக்கே தெரியும். தராசுபோல நடந்துகொண்டேன்.

பறவைக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.

நம் சங்கிலி அறுந்துவிடக் கூடாது. அதனால் நானும் ஒன்று கேட்கிறேன், பதில் போட்டுவிடு, போதும். எந்த உயிரினத்தில் தாய்க்குப் பதிலாகத் தகப்பன் வயிற்றில் சுமந்து பிள்ளை பெறுகிறான்? விடையைத் தேடும்போது அப்பாவை நினைத்துக்கொள்.

என்றும் உன்
அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

எண்ணிப் பார் என்றீர்கள். எண்ணினேன்.

பிஸ்கட் டப்பாவிலிருந்த எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினேன். எழுபத்து நான்கு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் தடவினேன். பேனா அழுத்தி எழுதியிருந்தால் பின்னால் எழுத்து மேடு தட்டும். அவளுடைய கோப்பில் தட்டியது. என் தாள்களில் ஒன்றில்கூட இல்லை, அப்பா. எழுபத்து நான்கும் மங்கல் நீலம். கடைசியில் என் பத்து விரலும் நீலமாக இருந்தது.

ஜனவரியில் என்ன எழுதினீர்கள் என்பது நினைவிருக்கிறதா? அசலை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்வதாக. இப்போது முறை வைத்துக் கொடுத்ததாக. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்கிற அளவுக்காவது என்னை மதித்திருக்கலாம். ஒரே தாள் இரண்டு வீட்டுக்கும் பொருந்த வேண்டும் என்றுதான் புரொபசர் என்று பெயர் வைத்தீர்கள். அதை என் செல்லப் பெயர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உங்கள் பொய்யிலேயே எனக்கு அதிகமாக வலிப்பது இந்தத் தராசுதான். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில்கூட ஏமாற்றினீர்கள்.

நான் தரையில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தபோது அம்மா வேலை முடிந்து வந்தாள். "என்னடி கையெல்லாம் நீலம்?" என்றாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஒரு சொல் மிச்சமில்லாமல். மே மாதம் வரைக்கும் மறைத்திருந்தால் உங்கள் பொய்க்கு நான் இரண்டாவது கார்பன் தாளாகியிருப்பேன்.

அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பச்சைப் பொத்தான் போட்டோவுல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"கெட்டியாத்தான் தெச்சிருக்கேன்" என்றாள். அப்புறம் போய் நாள்காட்டியில் மடித்து வைத்திருந்த மே மாதத் தாளை நிமிர்த்திவிட்டாள். அவள் உடைந்து போகவில்லை. ஆனால் இந்த நாலு நாளில் வாசலுக்கு வந்த யாரையும் என்ன தொந்தரவு என்று அவள் கேட்கவில்லை. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், எனக்கு இல்லை, அவளுக்கு.

மே மாதம் வர வேண்டாம். இது அம்மா சொன்னதல்ல, நான் சொல்வது. அம்மா சொல்ல வேண்டியதை அவளே எழுதுவாள், உங்களுக்கும், அந்த வீட்டு அம்மாவுக்கும்.

பறவைக் கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரியும். முதல் கூட்டுக்கு. இரண்டாவது கூட்டில் தாய் பெரும்பாலும் தனியாகத்தான் இரை தேடுகிறாள். அங்கே குஞ்சுகள் குறைவாகத்தான் பிழைக்கின்றன. அந்தத் தாய்ப் பறவை ஏமாந்து போகிறதா, தெரிந்தே இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றி யாரும் சண்டை போட வேண்டாம். எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு விடை கடற்குதிரை. ஆண்தான் பையில் சுமந்து பெறுகிறது. அப்பாவை நினைத்துக்கொள் என்றீர்கள், நினைத்துக்கொண்டேதான் படித்தேன். அதே பக்கத்தில் அடுத்த வரியையும் படித்தேன். பெற்றுப் போட்டதோடு சரி, அதன் பிறகு அது குட்டிகளைக் கவனிப்பதே இல்லை. அந்த வரியை நீங்கள் படிக்கவில்லையா, இல்லை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?

இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை, பதில் போட வேண்டாம். இந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்