வடைமாலை போட்ட மஞ்சள் குழாய்

மாதகல்,
கார்த்திகை, மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம்.

அன்பு மகள் தக்சாயினிக்கு உன் அப்புவின் தம்பி, உன்னை வளர்த்த குஞ்சியப்பு எழுதுவது. இங்கே வைரவர் காவலில் எங்கள் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே அந்தக் கனடாக் குளிருக்குள் நீயும் மருமகனும் சின்னவளும் தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று நான் கும்பிடாத நாளில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். போன சித்திரையில் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்து, இரண்டு பெரிய நாடுகள் எங்கள் கடலுக்குள் அடிபடாமலே அடிபடப் போகின்றன, அது வந்து எங்கள் வலைக்குள்தான் விழும் என்று கடை முழுவதும் கேட்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வைரவர் கோயிலைக் கூட்டித் துப்புரவாக்குகிற சின்னாச்சி மாத்திரம் சிரிக்காமல், "உந்தப் புழுகரை ஆராவது கூட்டிக்கொண்டுபோய்த் தலையிலை தண்ணி வாருங்கோ" என்றாள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், ஆடி முடியுமட்டும் நான் அவளோடு கதைக்கவில்லை. இப்போது சிரிக்க ஒருவருமில்லை பிள்ளை.

நீ போன் எடுத்து எடுத்துக் களைத்திருப்பாய். என்னுடையதையும் உன் அண்ணன் சிவகரனுடையதையும் அவன் பெண்சாதி கோபிகாவினுடையதையும் விசாரணைக்கு என்று கொண்டுபோய்விட்டார்கள், அதுதான் பழையபடி கடிதம். மக்டலீன் ரீச்சர் மகளைப் பார்க்க அங்கே வெளிக்கிடுகிறா, அவவின் கைப்பையில் இது வருகிறது. வழியில் யாராவது பிரித்தாலும் என்று நாடுகளின் பெயரை எழுதமாட்டேன், ஒருவனை மேற்கு வளவுக்காரன், மற்றவனைக் கிழக்கு வளவுக்காரன் என்று வைத்துக்கொள். பயப்படாதே, கொண்ணன் சிவகரன் கை கால் சுகத்தோடு இருக்கிறான், ஆனால் கொழும்பில் வைத்து விசாரிக்கிறார்கள், இன்னும் விடவில்லை. அவனை வெளியே எடுக்க உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும், அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலே எழுதினால் மிச்சத்தை நீ வாசிக்கமாட்டாய்.

ஐப்பசி தொடக்கத்தில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, சிவகரன் தனியே கரையோடு வலை போடப் போனான். விடிந்து வந்தபோது வள்ளத்தில் மீனைவிடப் பெரிதாக ஒன்று கிடந்தது. பாதிப் பனை நீளம் என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கு ஓராள் நீளம் என்று எழுதுகிறேன். மஞ்சள் குழாய், இரண்டு பக்கமும் சுறாவின் செட்டைபோல் இறகு, பின்னால் கம்புபோல் ஒரு வால், எழுத்தில்லை, இலக்கமில்லை. அதற்கு முன்தான் கடலில் அவன் வேறொரு வள்ளத்தைக் கண்டது. சாம்பல் நிறம், கொடியில்லை, இயந்திரச் சத்தமே இல்லை, கறுப்பு உடுப்போடு இரண்டு பேர், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் அந்தக் குழாயை நோகாமல் கடலில் இறக்கிவிட்டு, சிவகரனைப் பார்த்துக் கையாட்டிவிட்டு மறைந்தார்கள். எங்கள் கரை வழக்கம் உனக்கு மறந்திருக்காது, வலையில் மீனல்லாத எது வந்தாலும் அது வைரவருடையது, உடையவன் வந்து கேட்கும்வரை கோயிலடிப் பூவரசின் கீழ் இருக்கவேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கப்பல் கதவு அங்கே வருடக்கணக்காய் நின்றதே, அதில் ஏறி விழுந்துதானே உன் நாடியில் அந்தத் தழும்பு. அதுபோலத்தான் இதையும் கொண்டுபோய் வைத்தோம். படுக்கவைத்தால் நாய் காலைத் தூக்கும் என்று, மூக்கை மண்ணில் குத்தி வாலை வானத்துக்கு நிமிர்த்தி நிறுத்தியது நான். அந்த யோசனைக்கு ஊரே என்னை மெச்சியது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டாவது சூலம் ஒன்று நிற்பதுபோல் இருந்தது, சின்னாச்சி விடுவாளா, திருநீறு பூசி, சந்தனம் வைத்து, வெள்ளிக்கிழமை சூலத்துக்கு ஒரு வடைமாலை, இதற்கும் ஒரு வடைமாலை. வடை சுட்டது கோபிகா. உன் அண்ணியின் கை உளுந்துக்குப் பேர்போனது, நானே ஒரு மாலையில் பாதியைத் தின்றேன்.

பிறகு எங்கள் ஊர்ப் பெடியன் பார்த்தீபன் கமராவோடு வந்தான், யூரியூப்பில் படம் விடுகிறவன். கொண்ணன் எப்படிப்பட்டவன், நாலு சொல் கேட்டால் அரைச் சொல் தருவான், வலையில் வந்தது என்று சொல்லிவிட்டு கிழிந்த வலை பொத்தப் போய்விட்டான். பார்த்தீபன் முகம் வாடிப்போய், "ஐயா, உதை ஆர் பாப்பினம், நீங்களாவது வடிவாய்க் கதையுங்கோவன்" என்றான். நான் வடிவாய்க் கதைத்தேன். சாம்பல் வள்ளத்தைப் பற்றி நான் சொன்ன இடத்தில் கமரா பிடித்தவனுக்கே மயிர் கூச்செறிந்தது. இரண்டு நாளில் அவனுடைய படத்தை யாழ்ப்பாணச் சனத்தொகையைவிடக் கூட ஆட்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் கிழக்கு வளவுக்காரனின் பக்கத்து ஆட்கள், கடற்பாசி வளர்க்க இடம் பார்க்கிறோம் என்று சொல்லி வீட்டுக்கு வீடு அரிசியும் புது வலையும் தந்தார்கள். கடலை ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை, கோயில் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் போன சூடு ஆறமுதல் மேற்கு வளவுக்காரனின் பக்கத்து ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிளோடு வந்தார்கள், அவர்களும் கோயில் எங்கே என்றார்கள். சின்னாச்சிக்குக் கால் நிலத்தில் படவில்லை. "பாத்தியளே, எங்கடை வைரவரைக் கும்பிட எங்கையெங்கை இருந்தெல்லாம் வருகினம்" என்று எல்லோருக்கும் விபூதி கொடுத்தாள். இழுவைப் படகு வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனபோது ஏனென்று கேட்க ஒரு குருவி வரவில்லை, ஒரு மஞ்சள் குழாய்க்கு உலகமே வருகிறதே என்று எனக்கு அப்போதே நெஞ்சில் ஏதோ தட்டியது. தட்டியும் நான் அந்தச் சைக்கிள்களில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உனக்குப் பண்டத்தரிப்புத் தனுசியாவைத் தெரியும், உன்னோடு படித்தவள், இப்போது யாழ்ப்பாணத் திருநெல்வேலிக் கம்பசில் படிப்பிக்கிறாள். படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். வந்து இறங்கியதும் குழாயைப் பார்த்துத் தலையில் கைவைத்து, "உதை ஆர் தலைகீழாய் நட்டது" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி நான்தான் என்றேன். "ஐயோ மாமா, உது கடலுக்குள்ளை நீந்தித் திரிஞ்சு வேவு பாக்கிறது, இடைக்கிடை மேலை வந்து வாலைத் தூக்கித்தான் உடையவனோடை கதைக்கும். நீங்கள் வாலைத் தூக்கிப் பிடிச்சு ஆசை தீரக் கதைக்க விட்டிருக்கிறியள்" என்றாள். எனக்கு நின்ற நிலையில் முழங்கால் நோவே மறந்துபோனது பிள்ளை. நாங்கள் மணி அடித்து, தேங்காய் உடைத்து, வடை சுட்டுப் படைத்த இத்தனை நாளும் அது அங்கே நின்று யாருக்கோ எங்களைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. போர் என்றும் இல்லாமல் சமாதானம் என்றும் இல்லாமல் நடுவில் நடக்கிற வேலைக்குச் சாம்பல் வலயம் என்று படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்களாம், யார் செய்தது என்று கையும் மெய்யுமாய்ப் பிடிக்க ஏலாதாம். இதற்கு ஏன் பிள்ளை கம்பஸ், எங்கள் வேலியைப் போய்ப் பார் என்றேன். பக்கத்து நடராசா ஒவ்வொரு மாரிக்கும் வேலி அடைக்கும்போது ஒரு கதியால் தடியை மட்டும் எங்கள் பக்கம் தள்ளி நடுவான், சண்டையில்லை, வழக்கில்லை, கண்டால் சிரிப்பான், நல்லநாள் பெருநாளுக்குப் பலகாரம் அனுப்புவான், ஒருநாள் பார்த்தால் துலாவோடு கிணறு அவன் பக்கம். நான் அதை முப்பது வருடமாய்ப் பார்க்கிறேன், நாடுகளும் அதையே செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. முன்னமே சொன்னவன் என்று மேலே எழுதினேன், அதைக் கொஞ்சம் குறைத்து வாசி.

குழாயைப் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லித் தனுசியா கெஞ்சினாள், நாளைக்குப் பார்ப்போம் என்றோம். அடுத்த நாள் அயல் நிரோஜாவின் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, ஊர் முழுக்கப் பந்தியில், திரும்பி வந்து பார்த்தால் பூவரசின் கீழே குழி மட்டும் இருக்கிறது. அதில் போட்டிருந்த வடைமாலை ஒரு வடைகூட உதிராமல் வைரவரின் சூலத்தில் கொளுவியிருந்தது. எடுத்தவன் மாலையை மரியாதையாய்க் கழற்றி, அது யாருக்கு உரியதோ அவருக்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் வழக்கம் தெரிந்தவன் பிள்ளை. அன்றிலிருந்து பந்தியில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவனின் முகத்தையும் நான் இரண்டுதரம் பார்க்கிறேன், அவனும் என்னைப் பார்க்கிறான்.

மறுகிழமை பார்த்தால் பார்த்தீபனின் அந்தப் படம் உலகம் சுற்றுகிறது. கிழக்கு வளவுக்காரனின் பக்கத்தில், எங்கள் விஞ்ஞானக் கருவியைத் தெய்வமாய் வணங்கும் அன்புள்ள மீனவர்கள் என்று போடுகிறார்கள், மேற்கு வளவுக்காரனின் பக்கத்தில், கோயிலுக்குள் ஒளித்து நடத்தும் ஒற்றர் நிலையம் என்று போடுகிறார்கள், இரண்டிலும் கோபிகா சுட்ட அதே வடை. தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர் எங்கள் கடலைப் படமாய்க் கீறி, அதில் சாம்பல் வள்ளத்தையும் கீறி, இயந்திரம் எத்தனை குதிரை வலு, எந்தத் தளத்திலிருந்து புறப்பட்டது, கறுப்பு உடுப்பு எந்தப் படையினுடையது என்றெல்லாம் சொன்னார். மற்றப் பக்கத்துக்காரர் அது தங்களுடைய வள்ளம் இல்லை, எதிர்ப் பக்கத்தினுடையது என்று வேறொரு படம் கீறினார். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். பிறகு எங்கள் ஊரிலேயே ஒவ்வொருவருக்காய் அந்த வள்ளத்தைக் கண்டதாய் ஞாபகம் வந்தது. நடராசா கண்ட வள்ளத்தில் ஒரு நாயும் இருந்ததாம். நாய் நான் சொன்னதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து விசாரணைக்காரர் வந்து சிவகரனைக் கொண்டுபோனார்கள். வள்ளத்துக்காரர் அவனைப் பார்த்துக் கையாட்டினார்கள் என்று படத்தில் இருக்கிறதே, அப்படியென்றால் தெரிந்தவர்கள்தானே, குழாயைக் கைமாற்றியவனும் இவன்தானே என்பது அவர்களுடைய கணக்கு. அவன் எதையும் காணவில்லை என்று சொல்லச் சொல்ல, மறைக்கிறான் என்று நினைக்கிறார்கள். கோபிகா அடுப்பு மூட்டாமல் திண்ணைக் குந்தில் இருந்தபடி, "மாமா, அவர் கண்டதைச் சொன்னால் விடுவினமெல்லே, எனக்கும் மறைச்சு என்னத்துக்கு அவர் உப்பிடி நிக்கிறார்" என்று கேட்டாள். கட்டின பெண்சாதியே புருசனை நம்பாமல் என்னை நம்பிக் கேட்கிறாள். அவளுடைய தகப்பன் நீர்வேலியிலிருந்து கொண்டுவந்து தூக்கிய கதலிக்குலை பழுத்து அழுகுகிறது, தொட ஆளில்லை.

வழக்குக்கு நாங்கள் பிடித்த அப்புக்காத்து இராசாத்தி அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா. ஏதும் சொல்லிவிட்டானோ என்று கேட்டேன். குஞ்சியப்புவின் முழங்கால் எப்படி என்று கேட்கச் சொன்னானாம். அவ்வளவுதான். அவ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "உங்கடை பெறாமகன் ஒருக்கால், ஒரேயொருக்கால், என்ரை குஞ்சியப்பு பொய் சொல்லுறவர் எண்டு சொல்லியிருந்தால் எப்பவோ வீட்டை வந்திருப்பான். கேட்டுக் கேட்டுப் பாத்தன், வளத்த மனிசனை அப்பிடிச் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறான்" என்றா.

சாம்பல் வள்ளம் இல்லை, பிள்ளை. கறுப்பு உடுப்புமில்லை, கையாட்டவும் ஒருவருமில்லை. கொண்ணன் வலையை இழுத்தான், குழாய் வந்தது, கடல் வெறுங்கடலாய்க் கிடந்தது, அவ்வளவுதான் அவன் எனக்குச் சொன்னது. பார்த்தீபனின் கமராவுக்கு முன்னால் அது சப்பென்று இருக்கிறதே என்று வள்ளத்தை விட்டது நான். இதை நானே கொழும்புக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஓர் அதிகாரி எனக்குத் தேத்தண்ணி தந்து, இரக்கமாய் முகத்தைப் பார்த்து, உம்மை யார் வெருட்டியது என்று கேட்டார். இப்போது ஊரில் எத்தனையோ பேர் கண்ட வள்ளம், இரண்டு நாடுகள் படம் கீறிய வள்ளம், அதை இல்லையென்று சொல்ல உலகத்தில் நானும் சிவகரனும் மாத்திரம் இருக்கிறோம்.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். உன் கையால் ஒரு சத்தியக் கடதாசி எழுதி, அங்கே ஒரு சட்டத்தரணியின் முன் கையொப்பம் வைத்து, இராசாத்திக்கு அனுப்பு. என்னை வளர்த்த குஞ்சியப்பு பிறவிப் புழுகர் என்று எழுது. திமிங்கிலத்தின் முதுகில் ஏறிக் கோடியக்கரை மட்டும் போனேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் சோறு தீத்தியதை எழுது. உன் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு எனக்குக் கப்பல் கம்பனி இருந்ததாய்ச் சொன்னதை எழுது. எட்டாம் வகுப்போடு நின்றவன், உங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து எஞ்சினியர் என்று கையெழுத்து வைத்ததை எழுது. வெட்கப்பட்டு ஒன்றையும் விட்டுவிடாதே, கூட்டியும் எழுதாதே, என்னைப்போல் செய்துவிடாதே, உள்ளதே போதும். கொண்ணனுக்கு வாய் வராது, உனக்கு வரும்.

அங்கே யாராவது நல்ல மனிதர்போல் வந்து ஊரைப்பற்றி விசாரித்தால் சிரித்துவிட்டு விலகு, இலவசமாய் ஏதும் தந்தால் வாங்காதே, போனில் வருகிற படத்தைப் பார்த்து ஐயோ என்று உடனே மற்றவர்களுக்கு அனுப்பாதே. சின்னவளுக்கு என் முத்தம், திமிங்கிலக் கதையை மட்டும் அவளுக்கு மறைத்துவிடு. நீ தீர்க்காயுசாய், மஞ்சள் குங்குமத்தோடு, கொண்ணனை இந்தப் படலை வாசலில் காணும் நாளுக்கு வந்து சேர வைரவர் துணை நிற்கட்டும். கடதாசியைப் பிந்தாமல் அனுப்பு, கோபிகா ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போகிறாள்.

இப்படிக்கு
உன்னையும் சிவகரனையும் வளர்த்த,
புழுகர் நமசிவாயம்.