உன் பெயரில் ஒரு ராஜினாமா

ஜூன் 3

அன்புள்ள சின்னு,

நான் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். நீ எழுதிய போன கடிதத்தில் மார்ஜின் இல்லை. வரிகள் கோணிக்கொண்டு போகின்றன. உனக்குப் பாடம் சொன்ன கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நோயாளர் இல்லத்தில் உன் ஐந்து வருட ஒப்பந்தம் சனிக்கிழமை முடிகிறது. இனி உன்னை யாரும் கட்டிப்போட முடியாது. எனக்கு இடது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்கக்கூடப் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. உடனே புறப்படு.

அம்மா

ஜூன் 19

அன்புள்ள அம்மா,

தலைமை சிஸ்டர் இன்று ஒரு ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, "நீ எழுதுனதாம்மா?" என்றார். அடியில் அச்சாக என் கையெழுத்து. ஆனால் நீங்கள் போடுகிற மாதிரியே நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்துப் போட்ட மார்ஜின்! சிரித்துவிட்டேன். அப்புறம் துணி அலமாரி அறைக்குள் போய் அழுதேன்.

ஐந்து வருடமும் நாளை எண்ணிக்கொண்டேதான் வேலை செய்தேன் அம்மா. ஒப்பந்தம் முடிந்து வந்த திங்கட்கிழமை, யாரும் சொல்லாமல் நானாகப் போய் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவரின் முதுகுப் புண்ணைத் துடைத்தேன். "பச்சைக் கொடி காட்டுங்க சிஸ்டர், கெளம்பிடறேன்" என்றார். கிறிஸ்து நமக்குத் தந்த விடுதலை எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

ஆனாலும் நீங்கள் உத்தரவு போட்டால் வந்துவிடுகிறேன். அப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்ட மாதிரியே உங்களைப் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் சின்னு

ஜூலை 7

அன்புள்ள மகளே,

உன் கையெழுத்தைப் போட்டது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். தலைமை சிஸ்டருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பழக்கமில்லாத வேலை, மூன்று தாள் வீணானது.

அப்பாவை ஒன்பது வருடம் பார்த்தேன். வேளை தவறாமல் மருந்து, தினமும் வெளுத்த விரிப்பு. ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். கடைசி மாதம் அவர் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் செய்யிற. ஒரு தரம் சும்மா பக்கத்துல உக்காரேன்." "வேலை கெடக்கு" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த மாதிரி நீ என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம். உத்தரவு போட மாட்டேன். அங்கேயே இரு.

கண் ஆபரேஷனுக்கு நானே போய்வருவேன். கொஞ்ச நாள் கடிதம் எழுதாதே. உறையைப் பிரித்ததும் நீ வரும் தேதியைத்தான் தேடுகிறேன். அந்தத் தேடல் நின்றதும் நானே எழுதுகிறேன்.

அம்மா