பாப்பா போய்ச் சேரும் வரை

துடைப்பத்தை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். நேற்று விடியற்காலையில் நம் பாப்பா விமானம் ஏறினாள். உன் காரியத்துக்கு வந்த கூட்டம் விட்டுப்போன குப்பை கூடம் முழுக்கக் கிடக்கிறது.

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பாய். நான் சாமை வாங்க வெள்ளிமலைக்கு பஸ் ஏறிய காலத்தில் அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நம் ஊர் வடக்கனந்தலிலிருந்து மலையேற எவ்வளவு நேரமாகிவிடும்? மதியத்துக்குள் பெருக்கிவிடுவாய். பாப்பா டொரண்டோவில் வேலைக்குப் போனதும்தான் வம்பு வந்தது.

அவள் முதல் முறை கிளம்பியபோது செல்போனில் தேடிச் சொன்னேன். சென்னையிலிருந்து நேராகப் போனாலே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு பதினாலு மணி நேரம்.

"அது வரைக்கும் இந்தக் குப்பையிலயே குந்திக்கினு இருக்கணுமா?" என்றேன்.

"குந்துங்க, இன்னா இப்போ? துபாய்ல காத்துக்கினு இருக்கிற நேரத்த யாரு கணக்குல சேக்கறது?"

விமானம் இறங்கிவிட்டதென்று செல்போன் காட்டியதும் நானே துடைப்பத்தை எடுத்து நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"ஏரோப்ளேன்தான எறங்கிச்சி. கொழந்த வூட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு துன்னட்டும்."

பைத்தியக்காரி என்று திட்டினேன். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இந்த முறை அவள் வந்து சேரும் வரை உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். அவள் வந்து அழுது முடித்த பிறகு உன்னை எடுத்தோம். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, பின்னால் நம் வீட்டைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் கோபமாக வந்தது. திரும்பி வராதவர்களுக்குத்தான் அப்படி உடனே பெருக்குவார்கள். நீ அத்தனை வருஷம் எதற்குப் பயந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

காலையில் என் தங்கை கூடத்தில் வந்து நின்றாள். "அண்ணா, ஈ மொய்க்குது. தொடப்பத்த எங்க வச்ச?"

"இருக்கட்டும்மா. பாப்பா இன்னும் போய்ச் சேரல."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாப்பா கூப்பிட்டாள். "வூட்டுக்கு வந்துட்டேம்பா."

"சாப்டியா?"

"சாப்டுக்கினேதாம்பா பேசறேன்."

துடைப்பத்தை எடுத்து நானே கூடத்தைப் பெருக்கினேன். குப்பை பாதி வந்தது, பாதி அங்கேயே நின்றது. உன் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கிவிட்டேன், உன் கட்டிலுக்கு அடியில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்ததாக எனக்கு இன்னும் ஒரு தகவலும் வரவில்லை.